ஓடுதளம் சும்மாதானே கிடக்கிறது, விமானம் விட என்ன கேடு?

1 ஜூன் 2025, ஒரு வாசகரின் கேள்வி

தஞ்சாவூரில் விமானப்படைக்கு நல்ல நீளமான ஓடுதளம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், முக்கால்வாசி நேரம் அதில் ஈ காக்கை இல்லை. ஓரமாக ஒரு கட்டடம், நாலு கவுண்டர், பெட்டி சோதிக்க ஒரு ஸ்கேனர், இவ்வளவுதானே வேண்டும்? சென்னைக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று விடலாமே. ராணுவத்துக்கு மனசில்லையா, அரசியல்வாதிகளுக்கு அக்கறையில்லையா?

1 ஜூன், இரவு

கட்டடமும் கவுண்டரும் பணம் இருந்தால் எழும்பிவிடும். மனசு, அக்கறை என்று போவதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும். அந்த ஓடுதளம் ஒரு நாளில் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை உங்களுக்குக் கிடைக்கும்? விமானப்படைத் தளத்தில் பயணிகள் விமானம் விடுவது என்றால் பேச்சு இங்கேதான் தொடங்குகிறது, பெரும்பாலும் இங்கேயே முடிந்தும் போகிறது. நீளமெல்லாம் அப்புறம்.

நான் ஒரு விமான நிறுவனத்தில் தரைப் பணியில் இருந்தவன். அதில் பல வருஷம் வடக்கே இப்படிப்பட்ட ஒரு தளத்தில் கழிந்தது. லோடு ஷீட் என்ற எடைக் கணக்கு போடுவது, பெட்டி ஏற்றுவதைப் பார்த்துக்கொள்வது, தாமதமானால் பயணிகளிடம் திட்டு வாங்குவது. மூன்றாவதுதான் முழுநேர வேலை.

2 ஜூன்

"சும்மா கிடக்கிறது" என்பதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தஞ்சாவூரில் இருப்பது 222ஆம் ஸ்குவாட்ரன் என்ற போர் விமானப் பிரிவு. பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கும் சுகோய்-30 விமானங்களோடு 2020 ஜனவரி 20 அன்று அங்கே வந்தது. போர் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாள் முழுக்க வந்துபோவதில்லை. நாலு சேர்ந்து கிளம்பும், கடல் பக்கம் போய்ப் பயிற்சி முடித்து, நாலும் சேர்ந்து திரும்பும். இடைப்பட்ட நேரத்தில் சாலையிலிருந்து பார்ப்பவருக்கு ஓடுதளம் காலி. தளத்துக்குள் இருப்பவருக்கு அது காலி இல்லை. திரும்பி வரும்போது அந்த நாலிலும் எரிபொருள் அளவாகத்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்து உங்கள் சென்னை விமானம் டயர் வெடித்து நட்டநடுவில் நின்றால், நாலு போர் விமானமும் அவசரமாகத் திருச்சியைத் தேடிப் போக வேண்டும். அதனால் வானத்தில் தன் ஆட்கள் இருக்கும்வரை ஓடுதளத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்வேன்.

இன்னொன்று, தஞ்சாவூரில் பயணிகள் விமானமே வந்ததில்லை என்று நினைக்க வேண்டாம். அது இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம். வாயுதூத் என்ற நிறுவனத்தின் விமானம் சில காலம் அங்கே வந்துபோனது. ஆள் ஏறவில்லை, நின்றுபோனது. முழு அளவிலான விமானப்படைத் தளமாக அதை 2013 மே 27 அன்று திறந்துவைத்தவர் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி.

2 ஜூன், சற்று கழித்து

யாருக்கு எது சொந்தம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இப்படிப்பட்ட இடத்துக்கு சிவில் என்கிளேவ் என்று பெயர். 1994ஆம் ஆண்டின் விமான நிலைய ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது. படையின் விமானத்தளத்தில் பயணிகளுக்காக ஒதுக்கிக் கொடுத்த பகுதி, அவ்வளவுதான். முனையக் கட்டடமும் அதன் முன்னால் விமானம் நிற்கும் ஏப்ரனும் ஆணையத்தின் கையில். ஓடுதளமும், விமானங்களை வழிநடத்தும் டவரும் படையின் கையில். வடக்கே பெரும்பாலும் விமானப்படை. கோவா டாபோலிம், விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் ஆகியவற்றில் கடற்படை.

3 ஜூன்

டாபோலிமை உதாரணமாகவே எடுத்துக்கொள்ளலாம். வருஷம் முழுக்கச் சுற்றுலாப் பயணிகள் குவியும் ஊர். அங்கே வார நாட்களில் காலை எட்டரை மணி வாக்கிலிருந்து மதியம் ஒரு மணி வாக்கு வரை கடற்படைப் பயிற்சிக்கென்று பயணிகள் விமானங்களை நிறுத்தி வைப்பதுதான் நெடுநாள் வழக்கம். மற்ற ஊர்களில் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம் அது. விளைவு, மதியத்திலிருந்து நள்ளிரவு வரை எல்லா நிறுவனமும் அங்கே போட்டி போடும். கோவாவிலேயே மோபாவில் இரண்டாவது விமான நிலையம் 2023 ஜனவரி 5 அன்று ஓடத் தொடங்கியதற்குப் பின்னால் இந்தக் கதையும் உண்டு.

புனேயில் 2024 ஜூலையில் பெரிய புது முனையம் பயன்பாட்டுக்கு வந்தது. பளபளவென்று இருக்கிறது. ஓடுதளம் அதே பழைய லோஹெகாவ் விமானப்படை ஓடுதளம்தான். நாலு கவுண்டரை நாற்பது ஆக்கினால் வரிசை குறையும், ஓடுதளம் கிடைக்கும் நேரம் ஒரு மணிகூட அதிகமாகாது.

5 ஜூன்

"அப்படியானால் டெல்லிக்குப் பக்கத்து ஹிண்டனில் மட்டும் எப்படி முடிந்தது? அதுவும் விமானப்படைத் தளம்தானே?"

நல்ல கேள்வி. இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹிண்டனில் இருப்பவை சி-17, சி-130ஜே போன்ற சரக்கு விமானங்கள். அவை பயணிகள் விமானத்தைப் போலவே நேராக இறங்கும், நேராக ஏறும், வேகமும் ஏறத்தாழ அதே வேகம். இரண்டையும் ஒரே வரிசையில் விடுவது டவருக்குப் பெரிய தலைவலி இல்லை. அங்கேயும் 2019 மார்ச்சில் முனையம் திறந்து, அக்டோபரில் பித்தோராகருக்கு ஒன்பது இருக்கை விமானத்தோடுதான் ஆரம்பித்தார்கள். பெரிய நிறுவனம் ஒன்று தன் ஜெட் விமானங்களோடு அங்கே வந்தது 2025 மார்ச்சில்.

போர் விமானத் தளம் வேறு கதை. அவை கூட்டமாக ஓடுதளத்தின் மேலாகவே வேகமாக வந்து, ஒவ்வொன்றாக வெட்டித் திரும்பி, சிறிய வட்டம் போட்டு இறங்கும். அதன் நடுவே பத்துப் பன்னிரண்டு மைல் தூரத்திலிருந்து மெதுவாக நேர்கோட்டில் வரும் பயணிகள் விமானத்தைச் செருகுவது சங்கடம்.

எல்லாவற்றையும்விட மோசம் பயிற்சித் தளம். புதுப் பையன்கள் இறங்குவது போல் வந்து, சக்கரம் தொட்டதும் மறுபடி ஏறி, அதையே காலை முழுக்கச் செய்துகொண்டிருப்பார்கள். ஓடுதளத்துக்கு மூச்சு விட நேரமிருக்காது. கர்நாடகத்தின் பீதரில் ஹாக் பயிற்சி விமானங்கள் இருக்கின்றன. அங்கே பயணிகள் சேவை 2020 பிப்ரவரியில் தொடங்கியது, நின்றது, 2022இல் மறுபடி வந்தது, நின்றது, 2025 ஏப்ரலில் மறுபடி வந்தது. அதற்குப் பணக் காரணமும் உண்டு, பின்னால் எழுதுகிறேன்.

ஆக "விமானப்படைத் தளம்" என்று மொத்தமாகப் பேசினால் விவாதம் நகராது. என்ன வகைத் தளம் என்று கேட்க வேண்டும். தஞ்சாவூர் போர் விமானத் தளம்.

5 ஜூன், இரவு

சூலூரில் விட்டார்களே என்று நினைவூட்டிய கோவைக்காரருக்கு: ஆமாம். 1980களில் கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் ஓடுதளத்தை நீட்டிக்கொண்டிருந்தபோது கோவை விமானங்கள் சூலூரில்தான் இறங்கின. 1987இல் பீளமேடு திறந்ததும் திரும்பிவிட்டன. அது விருந்தாளியாகப் போய் இருந்தது. இன்றைக்கு சூலூரில் தேஜஸ் போர் விமானங்கள் இருக்கின்றன. விருந்தாளிக்கு அறை காலியில்லை.

8 ஜூன்

வாட்ச் அவர்ஸ் என்று அங்கே எல்லோரும் சொல்வதை விளக்கச் சொன்னார்கள். டவர் பயணிகள் விமானங்களுக்காகத் திறந்திருக்கும் நேரம் அது. காகிதத்தில் இரண்டு எண்தான். அதோடு வாழ்ந்தவனுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

ஒரு குளிர்கால மாலை. எங்கள் கடைசி விமானம் பெருநகரம் ஒன்றிலிருந்து வர வேண்டும், வந்து திரும்ப வேண்டும். அங்கே மூடுபனியால் காலையிலிருந்தே எல்லாம் தள்ளிப்போய், இதுவும் தாமதம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாட்ச் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் இறங்கிவிடும், ஆனால் பயணிகளை ஏற்றி மறுபடி கிளம்ப நேரம் போதாது. நீட்டிப்பு கேட்க வேண்டும். எங்கள் மேலாளர் விமான நிலைய அதிகாரிக்கு போன் போட்டார், அவர் தளத்துக்குள் ஒருவருக்குப் போட்டார், அந்த ஒருவர் இன்னொருவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அன்றைக்கு இரவுப் பயிற்சி வைத்திருந்தார்கள். விமானம் பாதி வழி வந்துவிட்டது. பதில் வரவில்லை. கேப்டன் எங்களிடம் கேட்கிறார், நாங்கள் காத்திருக்கிறோம் என்கிறோம். இறங்குவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது: இறங்கலாம், ஏற முடியாது, இரவு இங்கேயே நிற்க வேண்டும்.

நிற்க எங்கே? ஏப்ரனில் இருந்ததே கொஞ்ச இடம், இரவில் விமானம் நிறுத்த அனுமதி வேறு தனிக் காகிதம். எங்கள் தலைமையகம் முடிவெடுத்தது, டைவர்ட். வந்தவர்கள் இன்னொரு ஊரில் இறங்கினார்கள். இங்கே போர்டிங் பாஸ் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களுக்கு விமானமே இல்லை. அங்கே இறங்கிய விமானிகளுக்குப் பணிநேர வரம்பு முடிந்துவிட்டது, அதனால் அந்த விமானம் மறுநாள் காலை வேறொரு ஊரிலிருந்து கிளம்பியிருக்க வேண்டிய பயணமும் ரத்து. ஒரு ஊரின் டவர் மூடியதில் மூன்று ஊர் ஆட்கள் அவதி.

கவுண்டரில் ஒரு பெரியவர், பேத்தி கல்யாணத்துக்குப் போகிறவர். கத்தவில்லை. "ஏன்யா, சண்டையா நடக்குது?" என்று இந்தியில் கேட்டார். இல்லை, பயிற்சி என்றேன். "பயிற்சியை நாளைக்கு வைக்கக் கூடாதா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. உள்ளே இருந்தவரிடம் கேட்டிருந்தால், "உங்கள் கடைசி விமானத்தை இன்னும் இரண்டு மணி நேரம் முன்னால் வைக்கக் கூடாதா?" என்றிருப்பார். அதுவும் நியாயம்தான். கடைசி நேரத்துக்கு ஒட்டி அட்டவணை போட்டவர்கள் இருவரிடமும் பேச வரவில்லை.

9 ஜூன்

நேற்று எழுதியது விமானப்படை மேல் கோபத்தில் எழுதியது போல் இருக்கிறது என்று ஒருவர். இல்லை. அந்தத் தளத்தில் எங்களுக்கு நடந்த நல்லதும் நிறைய. நோயாளியை ஏற்றிக்கொண்டு வந்த விமானத்துக்காக நடு இரவில் ஓடுதள விளக்கு போட்டிருக்கிறார்கள். யாரும் காகிதம் கேட்கவில்லை.

தீயணைப்பும் மீட்பும் சும்மா சொல்லக் கூடாது. போர் விமானம் இறங்கும் இடத்தில் எப்போதும் ஆட்கள் தயாராக நிற்பார்கள். 2016 டிசம்பர் 27 அன்று டாபோலிமில் மும்பைக்குக் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானம் ஓடுதளத்தைவிட்டு விலகித் திரும்பி நின்றது. உள்ளே 161 பேர். யாரும் சாகவில்லை.

9 ஜூன், பிற்பகல்

அதே டாபோலிமின் மறுபக்கம்: 2018 ஜனவரி 3, பயிற்சியில் இருந்த கடற்படையின் மிக்-29கே போர் விமானம் ஓடுதளத்தைவிட்டு விலகித் தீப்பிடித்தது. விமானி தப்பினார். 2019 ஜூன் 8, இன்னொரு மிக்-29கே கிளம்பும்போது எரிபொருள் தொட்டி கழன்று விழுந்து ஓடுதளத்திலேயே தீ. இரண்டு முறையும் பயணிகள் விமானங்கள் காத்துக் கிடந்தன. ஒற்றை ஓடுதளம் என்றால் யாருடைய விபத்தும் எல்லோருடைய விபத்து.

புனேயில் 2020 பிப்ரவரியில் நடந்தது நேர்மாறு. டெல்லிக்கு வேகமெடுத்துக்கொண்டிருந்த ஏர் இந்தியா ஏ321 விமானத்துக்கு எதிரே ஓடுதளத்தில் ஒரு ஜீப்பும் ஒரு ஆளும். விமானி முன்கூட்டியே மூக்கைத் தூக்கி ஏறித் தப்பித்தார், விமானத்தின் அடிப்பகுதியில் சேதம்.

12 ஜூன்

நீளமெல்லாம் அப்புறம் என்றேன். அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது எடை.

சுகோய்-30 முழுக்க நிரப்பினாலும் 38 டன் சொச்சம். ஏ320 பயணிகள் விமானம் முழு எடையில் 77 டன் வரும். போர் விமானத்துக்குச் சக்கரம் சிறியது, காற்றழுத்தம் அதிகம், அழுத்தும் விதமே வேறு. ஆகவே சுகோய் இறங்குகிற தளத்தில் ஏ320யும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கும் என்று சொல்ல முடியாது. தார், கான்கிரீட் எவ்வளவு தாங்கும் என்று அளந்து ஒரு எண் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் விமான நிறுவனம் வரும். ஐஎல்-76 போன்ற பெரிய சரக்கு விமானங்கள் இறங்கிப் பழகிய சண்டிகர் போன்ற இடங்களில் இந்தக் கவலை குறைவு. ஏடிஆர்-72 என்ற சிறிய பயணிகள் விமானம் வெறும் 23 டன்தான். சிறிய ஊர்களுக்கு முதலில் அதுவே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓடுதளத்தின் முனையில் வலைத் தடுப்பு இருக்கும் தளங்களும் உண்டு. பிரேக் போன போர் விமானத்தைப் பிடித்து நிறுத்த. பயணிகள் விமானம் வரும்போது அதைத் தாழ்த்திவிட வேண்டும். சுகோயும் தேஜஸும் இறங்கியதும் பின்னால் பாராசூட் விரித்து வேகம் குறைக்கும். அதைக் கழற்றிவிட்டுப் போய்விடும், யாராவது வண்டியில் போய் எடுக்க வேண்டும். "ஏன் இன்னும் கிளம்பவில்லை?" என்று ஜன்னலோரம் உட்கார்ந்து கடிகாரம் பார்ப்பவர்களுக்கு இந்தத் தகவல்.

பராமரிப்பு வந்தால் மொத்தமும் மூடல். சண்டிகர் 2018 மே 12 முதல் 31 வரை, புனே 2021 அக்டோபர் 16 முதல் இரண்டு வாரம், மேற்கு வங்கத்தின் பாக்டோக்ரா 2022 ஏப்ரல் 11 முதல் 25 வரை. மேல்பரப்பு போடுகிற நாட்களில் படைக்கும் பறக்க முடியாது, உங்களுக்கும் முடியாது. இதில் மட்டும் பூரண சமத்துவம்.

13 ஜூன்

மூடுபனி பற்றிய கேள்விக்கு. பொது விமான நிலையங்களில் ஐஎல்எஸ் கருவி இருக்கும். ஓடுதளத்திலிருந்து வரும் ரேடியோ கதிரைப் பிடித்துக்கொண்டு விமானம் தானே இறங்கி வரலாம். படைத்தளங்களில் பழைய பழக்கம் வேறு. தரையில் ரேடார் முன்னால் ஒருவர் உட்கார்ந்து "சற்று இடது, சற்று கீழே" என்று விமானியைப் பேசிப் பேசியே இறக்குவார். போர் விமானிக்கு அது கைவந்த கலை. பயணிகள் விமான நிறுவனம் அதை நம்பி அட்டவணை போடாது. பீகாரின் தர்பங்காவில் 2020 நவம்பர் 8 அன்று சேவை தொடங்கியபோது ஆட்கள் குவிந்தார்கள், சின்ன முனையம் பிதுங்கியது. ஆனால் ஐஎல்எஸ் இல்லாமல், இரவில் இறங்க வசதியும் இல்லாமல், குளிர்காலம் வந்தால் ரத்துக்கு மேல் ரத்து.

17 ஜூன்

ஜன்னல் திரை விவகாரத்துக்கு வருகிறேன், நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

2025 மே மாதம், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ ஒரு உத்தரவு போட்டது. படைத்தளங்களில் கிளம்பும்போதும் இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே ஜன்னல் திரைகளை மூடி வைக்க வேண்டும், அவசர வழி வரிசைக்கு மட்டும் விலக்கு. படம் எடுக்கத் தடை. ஆகாயத்திலிருந்து அங்குலம் அங்குலமாகச் செயற்கைக்கோள் படம் கிடைக்கும் காலத்தில் இது என்ன கூத்து என்கிறார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செயற்கைக்கோள் படம் எடுத்த நேரத்தைத்தான் காட்டும். இன்றைக்குக் காலை எத்தனை விமானம் வெளியே நின்றது, எதில் என்ன தொங்கியது என்பதை ஜன்னலோரப் பயணி ஐந்து நிமிடத்தில் உலகுக்குச் சொல்லிவிடுவார். எங்கள் தளத்தில் ஒரு மாப்பிள்ளைப் பையன் மனைவியை நிற்க வைத்துப் படம் எடுத்தான், பின்னணியில் போர் விமானம். பாதுகாப்பு ஆட்கள் வந்து போனை வாங்கி எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார்கள். தேனிலவுப் படங்களும் சேர்ந்து போயின. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

மறுபாதி கவலை இது. ஏறும்போதும் இறங்கும்போதும் திரை திறந்திருக்கச் சொல்வதே பாதுகாப்புக்காகத்தான். இறக்கையில் தீ என்றால் முதலில் பார்ப்பவர் பயணி. எந்தப் பக்கக் கதவைத் திறப்பது என்று பணிப்பெண்ணுக்குத் தெரிய வேண்டும். அவசர வழிக்கு விலக்கு கொடுத்தது அதனால்தான். அது போதுமா என்பதில் எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை.

17 ஜூன், இரவு

அதே மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் நடந்தபோது 32 விமான நிலையங்களை மூடினார்களே, அதில் இப்படிப்பட்டவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் ஒருவர். ஸ்ரீநகர், ஜம்மு, லே, சண்டிகர், ஜோத்பூர், ஜாம்நகர், புஜ், ஹிண்டன் என்று போகிறது வரிசை. மே 15 வரை என்று அறிவித்து 12ஆம் தேதியே திறந்தார்கள். சண்டை என்றால் முதலில் மூடுவதும் இவைதான். ஊருக்கு விமானம் கேட்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

22 ஜூன்

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அவர் ஊர்ப் பலாலி விமானத்தளத்தை ஏன் மறந்தீர்கள் என்கிறார். மறக்கவில்லை, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அதுவும் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுதளம். அப்புறம் தமிழ்நாட்டுக்கும் கொழும்புக்கும் பயணிகள் விமானம் போன இடம். யுத்தத்தில் முழுக்கப் படைமுகாம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினார்கள், அவர்கள் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்பு அருகே இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் அன்டனோவ் விமானம் மன்னார் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 55 பேரும் இறந்தார்கள். 2019 அக்டோபர் 17 அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் ஏடிஆர் வந்து இறங்க, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். கொரோனாவில் மூடி, 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி திறந்தார்கள். அப்புறம் இண்டிகோவும் வரத் தொடங்கியது. சென்னையிலிருந்து 2024 செப்டம்பர் முதல், திருச்சியிலிருந்து 2025 மார்ச் 30 முதல்.

நான் மேலே எழுதிய நேரக் கணக்கு அங்கே இரண்டாம்பட்சம். அங்கே கேள்வி ஓடுதளத்தைச் சுற்றியுள்ள மண் யாருடையது என்பது. தஞ்சாவூர் விவாதத்தை அப்படியே அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது. ஓடுதளத்தை நீட்டலாமே என்று இங்கே சாதாரணமாகச் சொல்வோம். அங்கே அதைச் சொல்லும்போது எவர் வீட்டுக் கிணற்றடி வரை நீட்டுவது என்று கேட்பார்கள்.

23 ஜூன்

லடாக்கில் இருக்கும் லே பற்றி ஒரு பத்தி, அது எனக்குப் பிடித்த இடம் என்பதால் மட்டும். கடல் மட்டத்திலிருந்து 10,600 அடிக்கு மேல். 1948 மே 24 அன்று விமானப்படை அதிகாரி மேஹர் சிங் டகோட்டா விமானத்தை அங்கே முதன்முதலாக இறக்கினார், கூட இருந்தவர் ஜெனரல் திம்மய்யா. இன்றைக்கும் பயணிகள் விமானங்கள் காலையில் போய் வந்துவிட வேண்டும். மதியத்துக்குமேல் மலைக்காற்று ஆடும். வெயில் ஏறினால் காற்று மெலிந்து எடையைக் குறைக்க வேண்டும், பெட்டிகள் பின்னால் வரும். படை விட்ட பிறகு மிச்ச நேரம் என்பது போய், இங்கே மலை விட்ட மிச்ச நேரம்.

23 ஜூன், சற்று கழித்து

உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, சோழவரம் ஓடுதளங்களில் படையே இல்லையே, அங்கே விடலாமே என்கிறார் ஒரு தம்பி. மூன்றும் உலகப் போர்க்காலத்தவை. சோழவரத்தில் ரொம்ப காலம் கார், பைக் பந்தயம் விட்டார்கள். ஓடுதளத்துக்கு அதைவிட நல்ல பயன் கிடைத்ததா என்று தெரியவில்லை. படை இல்லாததால் மட்டும் விமானம் வந்துவிடாது தம்பி. நெய்வேலிக்கும் வேலூருக்கும், சிறிய ஊர்களுக்கு விமானம் விட அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தில் பெயர் வந்து வருஷங்கள் ஆயின. அங்கே எந்தப் போர் விமானம் தடுக்கிறது?

29 ஜூன்

பீதரில் விட்ட பணக் கதை. உடான் திட்டத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள், குறிப்பிட்ட இருக்கைகளுக்கு. குறையும் பணத்தை மூன்று வருஷம் அரசு ஈடுகட்டும். நான்காம் வருஷம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். இங்கேதான் நேரமும் பணமும் முட்டிக்கொள்கின்றன. வியாபாரி காலையில் போய் இரவு திரும்ப விரும்புவார், அவர்தான் நல்ல விலை கொடுப்பவர். காலையிலும் இரவிலும் படை பறக்கிறது. கிடைப்பது நடுப்பகல். நடுப்பகல் விமானத்தில் போய் ஒருநாள் வேலையைக் கெடுத்துக்கொள்ள யார் வருவார்? இருக்கை காலி, நிறுவனம் கிளம்பிவிடும். அப்புறம் "ஆள் ஏறவில்லை" என்று எழுதுவார்கள். ஏறுகிற நேரத்துக்கு விமானம் இல்லை என்று யாரும் எழுத மாட்டார்கள்.

சேலத்தில் படை கிடையாது. அங்கேயும் 2018 மார்ச்சில் வந்து, 2021இல் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. ஆகவே எல்லாப் பழியையும் வாட்ச் அவர்ஸ் மேல் போடவும் மாட்டேன். தஞ்சாவூருக்குக் கூடுதல் சிக்கல், ஐம்பது அறுபது கிலோமீட்டரில் திருச்சி. அங்கே 2024 ஜனவரியில் பெரிய புது முனையம் திறந்தாயிற்று, எந்த மணிக்கும் விமானம் உண்டு. காலை ஆறு மணிக்குத் திருச்சியில் விமானம் இருக்கும்போது மதியம் ஒன்றரைக்குத் தஞ்சாவூரில் ஏறச் சொன்னால் நானே ஏற மாட்டேன்.

30 ஜூன்

இதைப் படித்துவிட்டுத் தஞ்சாவூர்க்காரர்கள் கோபப்படுகிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்கிறவர்கள் கட்டடத்தைக் கேட்காமல் காலை ஏழு முதல் எட்டரை, மாலை ஆறு முதல் எட்டு என்று எழுதிக் கேளுங்கள் என்கிறேன். "விமானம் வேண்டும்" என்ற மனுவுக்கு "பரிசீலிக்கிறோம்" என்றுதான் பதில் வரும். மணியைக் குறிப்பிட்டுக் கேட்டால் முடியும், முடியாது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

4 ஜூலை

அடுத்த மாதம் ஜோத்பூர் போகிறேன், என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டவருக்கு:

நாளின் கடைசி விமானத்தை எடுக்காதீர்கள். அது தாமதமானால் அடுத்த ஒன்று இல்லை, ரத்துதான். அங்கிருந்து வேறு ஊர் போய் வெளிநாட்டு விமானம் பிடிப்பதாக இருந்தால் இடையில் ஒரு இரவு வையுங்கள். டிக்கெட் எடுக்கும் முன் அந்தத் தளத்தில் ஓடுதளப் பணி ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்று தேடுங்கள், முன்கூட்டியே நோட்டாம் என்ற அறிவிப்பு போட்டுவிடுவார்கள், செய்தியிலும் வரும். போனை ஏப்ரனில் வெளியே எடுக்காதீர்கள்.

ரத்தானால் நஷ்டஈடு எதிர்பார்க்க வேண்டாம். ஓடுதளம் மூடியது விமான நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் முழுப் பணம் அல்லது மாற்று விமானம், இரண்டில் ஒன்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கவுண்டருக்கு வந்ததும் முதல் வேலையாக மறுநாள் விமானத்தில் இடம் கேளுங்கள், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். எங்கள் கவுண்டரில் திட்டி முடித்துவிட்டு இடம் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் அதற்கடுத்த நாள்தான் கிடைத்தது.